வெள்ளிக்கிழமை உப்பு

எட்டு வருஷம் இந்தச் சமையலறை மேஜைதான் பள்ளிக்கூடம்.
பின்னத்துக்கு மாவளக்கும் கோப்பைகள்,
புவியியலுக்கு அவன் அப்பாவின் டீசல் ரசீதுகள்.
கேள்வி வந்தால் கேட்டுவிடுவான் ஓரின்,
வாயில் ரொட்டி இருந்தாலும்.

திங்களன்று, மொன்டானாவின் முதல் பனியில்,
பஸ் அவனை ஏற்றிக்கொண்டது.
படிப்பில் இரண்டு வகுப்பு முன்னாலிருக்கிறானாம்.
வரிசையில் நிற்கத்தான் வரவில்லை.
மணி அடித்ததும் தீ என்று நினைத்து
வாசலுக்கு ஓடியிருக்கிறான்.
சிரித்தவர்களில் ஒருத்தன், கோல்பி,
தன் சிப்ஸில் பாதி கொடுத்தானாம்.
அதை மட்டும் மூன்று தடவை சொன்னான்.

இன்று இரவுச் சாப்பாட்டில்
பால் எடுக்க எழுந்தவள் திரும்பிப் பார்க்கிறேன்:
கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கிறான்,
எவ்வளவு நேரமாகவோ.

உப்பு வேண்டுமாம்.