ஒற்றுப்பிழை

நாலாம் பாகம் வந்திருக்கிறது.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
கையெழுத்தைப் பார்க்காமலேகூட அடித்துவிடுவேன்.

இளவரசிக்கு இந்தத் தடவையும் பிடிவாதம்.
பதினோராம் பக்கத்தில் வாள் வீசுவாள்,
நாற்பதில் கால் சுளுக்கும்,
அவன் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடப்பான்.
அவனுக்கு அப்பா அம்மா கிடையாது,
தோளில் மச்சம் உண்டு.
மச்சமென்றால் மகுடம்.
ஊருக்கே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது.
தெரிந்த மந்திரவாதி
சொல்ல வாயெடுக்கும்போது சாவார்.
சண்டை போட்டால் காதல்.
மழை வந்தால் குகை,
குகை வந்தால்
ஒரே ஒரு போர்வை.

'சீறினாள்' என்பதற்குத்
தனியாக ஒரு விசையே வைத்திருக்கிறேன்.
கேலி இல்லை.
போர்வைப் பக்கம் வந்தால்
நானும் கொஞ்சம் மெதுவாகத்தான் அடிப்பேன்.

எங்களுக்கு மழை வந்தபோது
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி முடிகிற மாதிரி இல்லை.
மணலிப் பக்கமிருந்து காஸ் நாற்றம்.
சைக்கிளோடு நனைந்த ஆள் திரும்பி
"நீதானே என் பயோடேட்டா அடிச்சே?" என்றான்.
தேசப்பனில் ஒரு 'ப்' போய்விட்டதாம்.
"வேலை கிடைக்கலியா?"
"கிடைச்சிச்சு. கார்டுலயும் தேசபன்தான்."

திருவொற்றியூர்க் கண்டெய்னர் யார்டில்
இரவுக் காவல்.
ஒரு விசில், ஒரு டார்ச்,
கால் உடைந்து கயிறு கட்டிய நாற்காலி.

பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
நாயகன் கோட்டைக்குள் போக வேண்டும்.
"யாரங்கே?" என்கிறான் வாயிற்காவலன்.
நாலு பாகத்துக்கும் அவனுக்கு அதுதான் வசனம்.
மார்பில் குறுவாள்.
அடுத்த வரியிலேயே இளவரசியின் கூந்தல்,
அதில் நிலவு.

மணி பன்னிரண்டரை.
போன் போட்டேன். எடுக்கவில்லை.
ரவுண்டு போயிருப்பான்.
இன்னொரு தடவை போட்டேன்.

அப்புறம்
'மார்பில்' என்பதை அழித்துக்
'கதவில்' என்று அடித்தேன்.
போதாமல், ஒரு வரி சேர்த்தேன்:
காவலன் இருட்டில் ஓடி மறைந்தான்.

ஒன்றேகாலுக்குக் கூப்பிட்டான்.
"இன்னா?"
"சும்மாதான்."
"சும்மாவுக்கு ரெண்டு தபாவா?"

எழுத்தாளர் புரூஃப் பார்த்து அனுப்பிவிட்டார்.
நூற்றுப் பன்னிரண்டில்
ஒரே ஒரு சிவப்புச் சுழி:
இருட்டில் ஓடிக் மறைந்தான் என்று
கை நடுங்கி அடித்திருக்கிறேன்,
அந்த 'க்'கை எடுக்கச் சொல்லி.
ஓடினவனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே தூறுகிறது.
அந்த ராஜ்ஜியத்தில் குகைகள் நிறைய,
ஆனால் எல்லாவற்றிலும்
இரண்டிரண்டு பேர்.
அவன் எங்கே ஒதுங்குவான்?

ஐந்தாம் பாகம் வரட்டும்.