பள்ளத்தூர் – காரைக்குடி, செங்குத்தாக

பெயரைச் சொல்லக் கூடாதாம்.
உயரத்தையாவது சொல் என்றேன்.
தம்பி சேவுகன் யோசித்துச் சொன்னான்:
"நம்ம டவுன் பஸ் ரூட்டை
பள்ளத்தூரில் பிடிச்சு அப்படியே தூக்கி நிறுத்து.
நான் இருக்கிறது கோட்டையூர்.
சிகரம், காரைக்குடிக்குக் கொஞ்சம் முன்னாடி."

அன்றிலிருந்து எட்டு நாற்பது பஸ்ஸில்
மலையேறிக்கொண்டிருக்கிறேன்,
கட்டணமில்லாச் சீட்டில், ஜன்னலோரம்.
கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி கழிக்க வேண்டும்.
அவன் கொடுத்த கணக்கு.
காற்று அதற்குக் கட்டுப்படாது என்றும்
அவனே சொன்னான்.

முதல் கிலோமீட்டர் முடியுமுன்னே
பிரான்மலை காலுக்குக் கீழே போய்விடுகிறது.
நாலாவதில் மரம் கிடையாது.
இங்கே ஒரு வேம்பு
அது தெரியாமல் நிற்கிறது.

கோட்டையூரில் பாதிக் கூட்டம் இறங்கும்.
அங்கேயும் அப்படித்தானாம்,
அந்த உயரத்தில் காற்றில் பாதி
இறங்கிப் போயிருக்கும்.

எண்பத்திரண்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும்.
கொதிக்கும், அவ்வளவுதான்.
அரிசி முழித்துக்கொண்டு கிடக்கும்.
குக்கர் கெட்டுப்போன நாளில்
பன்னிரண்டு பேர் பிஸ்கட் தின்றார்களாம்.

போன வாரம் அவனுக்கு மைனஸ் பத்தொன்பது,
எனக்கு நாற்பத்தொன்று.
நடுவில் அறுபது டிகிரி.
அதைத் தாண்டி வந்த குரல்
"சாப்ட்டியா" என்றது.
மழை உண்டா என்றேன்.
அங்கேயும் இல்லை.
பனியை வெட்டி உருக்கிக் குடிக்கிறார்கள்.
இங்கே ஊருணி
வெடித்துக் கிடப்பதை நான் சொல்லவில்லை.

ஒருமுறை ஒரு கல்லைப் படமெடுத்து அனுப்பினான்.
கல்லுக்குள் சிப்பி.
எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுச் சுவரும்
சிப்பிச் சுண்ணாம்புதான்.
பங்குனி வெயிலில் உள்ளங்கை வைத்தால்
ஜில்லென்று வழுக்கும்.
கடல் இரண்டு இடத்துக்கும் போயிருக்கிறது.
ஒன்றை நிலம் நெருக்கித் தூக்கியது,
ஒன்றை மாட்டுவண்டி ஏற்றி வந்தது.

நாலு நாளாகப் போன் இல்லை.
காற்று எழும்பினால் கோபுரம் சாயும்,
சிக்னல் போகும், பயப்படாதே என்று
முன்பே சொல்லியிருக்கிறான்.
மேகம் அங்கே
கீழேயிருந்துதான் ஏறி வருமாம்.

இன்று கோட்டையூர் தாண்டியதும்
பஸ் இருமிக்கொண்டு நின்றுவிட்டது.
பின்னால் வந்த வண்டியில்
ஏறச் சொன்னார் கண்டக்டர்.
எல்லோரும் ஏறினார்கள்.

நான் தார்ச்சாலை நடுவில் நின்று
வந்த வழியைப் பார்த்தேன்.
கானல் அசைந்தது.
கீழே எங்கேயோ கோட்டையூர்.