எண்ணூற்றைம்பது பிராங்

ஹெர்க்கிங்கன் பொதி நிலையத்தில் இரவு வேலை.
பெல்ட்டில் வருவதன் அஞ்சல் எண் பார்த்து
அந்தந்தக் கூண்டுக்குத் தள்ள வேண்டும்.
நான்காயிரத்து அறுநூறு என்றால் ஓல்டன், என் ஊர்.
தூக்கிப் பார்த்தே உள்ளே என்னவென்று சொல்லுவாள் பெசார்த்தா:
இது சப்பாத்து, இது நாய்த் தீன்,
இது யாரோ ஒருத்தியின் கோபம், திரும்பிப் போகிறது.

என் பட்டியல் சம்பளத்தாளின் பின்பக்கத்தில்.
பிராசசர் நூற்றிருபது. ஆறு கோர் போதும்,
எட்டு வேண்டுமென்றால் ஆவணி வரை பொறு
என்கிறது வாடகை.
ரேம் பதினாறு. முப்பத்திரண்டு என்று எழுதி
அடித்தேன், எழுதினேன், அடித்தேன்,
தாள் அந்த இடத்தில் கிழிந்துபோனது.
மதர்போர்ட்: பெயரிலேயே தாய் இருக்கிறாள்,
மலிவானதைப் போடக் கை வரவில்லை.
போட்டேன்.
பெட்டிக்கு முப்பத்தொன்பது. கண்ணாடிப் பக்கம் இல்லை,
வானவில் ஓடும் விசிறி இல்லை.
விளக்குப் போட்டால் வேகமா கூடும்?

பவர் சப்ளையில் மட்டும் கை வைக்கவில்லை.
அதில் இருபது பிராங் மிச்சம் பிடித்து
எல்லாவற்றையும் கருக்கியவன் கதையை
பெசார்த்தாவின் கணவன் சொல்லியிருக்கிறான்.
நண்பன் ஒருவனாம்.
சொல்லும்போது முகம் அவனுடையதாகவே இருந்தது.

கிராஃபிக்ஸ் கார்ட் பழையது, இருநூற்றிநாற்பது.
ஆராவ் ரயில் நிலையத்துப் படியடியில்
ரெத்தோ என்றொருவர் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார்.
குழந்தை பிறந்திருக்கிறதாம்.
"இனி எனக்கு ஏது இரவு" என்றார்.
எனக்கும் இல்லை, பகல்தான், என்றேன்.
பத்துப் பிராங் குறைத்தார்.
துவாயைத் திருப்பிக் கேட்கவில்லை.

சுபாகரன் அண்ணா கேம் பெட்டி வாங்கியபோது
எனக்கு ஒன்பது வயது.
இரண்டாவது கண்ட்ரோலரைக் கையில் தருவான்:
"அந்த நீலக் கார்தான் நீ."
நீலக் கார் நன்றாகவே ஓடியது.
வளைவு வந்தால் உடம்போடு சாய்வேன்.
ஒருநாள் பெருக்கும்போது பார்த்தேன்,
என் வயரின் நுனி சோபாவுக்கு அடியில்
தூசியோடு கிடந்தது,
எதிலும் செருகாமல்.
நான் கேட்கவில்லை.
அன்று பின்னேரமும் போய் உட்கார்ந்து
வளைவில் சாய்ந்தேன்.

வியாழன் அதிகாலை மூன்றே கால்.
பெல்ட்டில் ஒரு பொதி. மிதுலா கனகசுந்தரம்,
நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு.
வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, விதி.
பெசார்த்தா ஒருமுறை தூக்கிப் பார்த்து
"பவர் சப்ளை" என்றாள்.
நானே தள்ளினேன் ஓல்டன் கூண்டுக்கு,
மற்றவற்றைவிடக் கொஞ்சம் மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை.
சுவரில் துளைபோட்டால் கீழ்வீட்டார் கடிதம் எழுதுவார்கள்,
திருகு முடுக்கினால் கேட்காது.
மத்தியானம் தொடங்கியது, விளக்கு வைக்கும்போது முடிந்தது.
இரண்டு திருகு மிச்சம்.
எங்கே உரியவை என்று இன்றுவரை தெரியாது.
சுவிட்சை அழுத்தினேன்.
விசிறி சுற்றியது. திரை கறுப்பு.
ரேமைக் கழற்றி மாட்டி, மாட்டிக் கழற்றி,
பற்றுச்சீட்டுகளைத் தேடி,
ரெத்தோவைச் சந்தேகப்பட்டு,
அவர் குழந்தையையும் சந்தேகப்பட்டு,
கடைசியில் டார்ச் அடித்தபோது
இடப்பக்க மேல் மூலையில், தகட்டுக்குப் பின்னால்
எட்டுமுள் கேபிள் ஒன்று
சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

ம்.

அண்ணாவுக்குப் படமெடுத்து அனுப்பப் போனேன்.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
ஒரு கையால் போர்டைத் தாங்கி
மறு கையால் செருகினேன்,
டிக் என்று கேட்கும்வரை.

கார்களைக் காட்டியது. நீலமும் இருந்தது.
நான் மஞ்சளை எடுத்தேன்.
முதல் வளைவில் பழக்கத்தில் சாய்ந்தேன்.
நேராகப் போய்ச் சுவரில் மோதியது,
முன்பக்கம் முழுக்க நசுங்கியது,
என் கையால்.