பண்டாரவளையிலிருந்து வந்த லேத்

உருளைக்கிழங்கு லொறியில் வந்தது,
கடத்திவந்த ஆள் மாதிரி
தலையோடு சாக்குப் போர்த்தி.
நாலு பேர் இறக்கினோம்.
லோயரின் கடிதத்தில் பொருளுக்கு நேரே
'மரம் கடையும் மெஷின், பழையது, ஒன்று.'
உறவுக்கு நேரே ஒரு சின்னக் கோடு.

அப்பா போனபோது எனக்கு ஆறு வயது.
செத்தபோது நாற்பத்தொன்று.
இடையில் இது சுழன்றிருக்கிறது
இன்னொரு வீட்டின் பின்பக்கம்,
கட்டில் கால், கதிரைக் கால்,
யார் யாருக்கோ தொட்டில் கம்பி.

அம்மா எட்டிப் பார்த்தாள்.
"பழைய இரும்புக்காரன் கிலோவுக்கு என்ன தாறான்?"
உள்ளே போய்விட்டாள்.

தலவாக்கலை பாமசியில்
மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுகிற கை எனது.
அந்தக் கையில்
முழங்கை நீளத்துக்கு ஓர் உளி.
கைப்பிடியில் பெருவிரல் பதிந்த பள்ளம்,
என் விரல் போகாத பக்கத்தில்.
திருப்பிப் பிடித்துப் பார்த்தேன்.
இடதுகைக்காரராம் மனுஷன்.
யாரும் சொல்லியிருக்கவில்லை.

மோட்டர் முனகும், சுற்றாது.
பெல்ட்டைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளவேண்டும்.
ஆறரைக்குப் பிறகு எந்தத் தள்ளும் உதவாது,
லயம் முழுக்க ஹீட்டரில் தண்ணி வைக்கிற நேரம்.

ஏழாம் நம்பர் மலையில் பிடுங்கிப்போட்ட
கிழட்டுத் தேயிலைத் தூர்.
விறகு விலைக்கு வாங்கினேன்.
உளி தொட்டதும் கடித்தது,
பிடுங்கிக்கொண்டு பறந்தது,
கூரைத் தகரத்தில் அடித்து
தையல் மெஷினுக்குப் பின்னால் விழுந்தது.
பக்கத்து வீட்டு மரியசூசை கத்தினார்,
"குரங்கா பிள்ளை?"
ஓம் என்றேன்.
அந்த மாதம் எட்டுத் தடவை குரங்கு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோல் எடுத்தாள் இனோகா.
அங்கே பிறந்தவள். என்னைவிடப் பதினான்கு வயது இளமை.
சாமான் ஒழுங்காக வந்ததா என்று கேட்கத்தான்.
நான் மோட்டரை நிறுத்தவில்லை,
நிறுத்தினால் மறுபடி தள்ளவேண்டும்.

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.
பிறகு, "ஏ சத்தே நெவெய், அக்கே."
அந்தச் சத்தம் இல்லை.
(சத்தம் அவளுக்கும் சத்தம்தான்,
கடைசியில் ஒரு மெய் குறைவு.)

அவளுடைய கட்டில் அந்த அறைச் சுவரோடாம்.
உள்ளே ஒரு நாளும் விட்டதில்லையாம்.
வீட்டுப்பாடம், காய்ச்சல், ஓலெவல்,
எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம்.
"நீங்க செய்றது டக்-டக்.
அது அப்படி இல்ல.
மழை எங்கட தகரத்துக்கு வர முந்தி
எதிர் மலைத் தேயிலையில வருமே,
அது."

ஃபோனைப் பலகையில் வைத்தேன்.
உளியைத் தீட்டினேன். இல்லை என்றாள்.
தாங்கியை மரத்துக்குக் கிட்ட நகர்த்தினேன். இல்லை.
கைப்பிடியை இடுப்போடு அணைத்து
கொஞ்சம் தாழ்த்தினேன்,
உளியின் சாய்ந்த முதுகு மரத்தில் படிந்தது,
வாய் அதன் பின்னால்தான் திறந்தது.
நாடாவாக உரிந்து
என் தோளைத் தாண்டி விழுந்தது தேயிலை,
உள்ளே இளஞ்சிவப்பு.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மூச்சு மட்டும் கேட்டது.

"எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது," என்றாள்,
அது ஓடிக்கொண்டிருக்கும்போதே.
"நிப்பாட்டட்டுமா?"
"வேணாம்."

நிறுத்தியது நானில்லை, கரண்ட்.
மரம் தன்பாட்டில் சுற்றிச் சுற்றிக் களைத்து நின்றது.
பாதிக் கிண்ணம். விளிம்பில் மயிரிழை வெடிப்பு,
காய்ந்தால் பெரிதாகும்.

"கரண்ட் போனா அவர் என்ன செய்வார்?"
"ஏசுவார். தமிழில.
எங்களுக்கு விளங்காதுதானே."
ஒரு சொல்லைச் சொன்னாள்,
இருபத்தேழு வருடம் சுவர் வழியாகக் கேட்டு
எழுத்துப் பிசகாமல் பாடமாக்கிய சொல்,
ளகரம் மட்டும் கொஞ்சம் வழுக்கியது.
எங்கள் தெருவில் அதைச் சொன்னால்
அம்மா விளக்குமாற்றை எடுப்பாள்.

"அப்படியென்றால் என்ன, அக்கே?"

இருட்டில் சீவல்களை மிதித்துக்கொண்டு நின்றேன்.
"கரண்ட் போச்சு," என்றேன்.