நிகர எடை

சீலநாயக்கன்பட்டி பைபாஸில்
ஐம்பது டன் எடைமேடைக்கு நான்தான் ரசீது போடுகிறேன்.
பதினோரு வருஷம்.
வண்டி ஏறும், எண்ணைப் படிப்பேன்,
ஜன்னல் வழியே ஒரு கை நீளும்.
எண்ணோடு சண்டை போட்ட டிரைவர்கள் உண்டு.
ஜெயித்தவர்கள் இல்லை.

என் எண் அறுபத்தெட்டு.
வைகாசியில் ஜிம்மில் சேர்ந்தபோது அறுபத்தெட்டு,
ஆவணி பிறந்தும் அறுபத்தெட்டு.

ஐந்து ரோட்டுக்குப் பின்னால் மாடியில் ஜிம்.
மூன்று ஃபேனில் ஒன்று சுற்றும்.
காலை ஐந்தரைக்கு நாலு பெண்கள் வருவோம்,
பழைய சுடிதாருக்குக் கீழே ட்ராக் பேண்ட்.
கோச் அர்த்தனாரி லீ பஜாரில் மூட்டை தூக்கியவர்.
முதுகைப் பார்த்தே ஆளைச் சொல்வார்.
முதல் மாதம் எனக்கு வெறும் கம்பி.
வெறும் கம்பியே இருபது கிலோ என்று
யாரும் முன்னாடியே சொல்லவில்லை.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு.
சொன்னவர்கள் இரண்டு ஆளைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.
எனக்குள் இருவரும் ஒரே வாடகைக்கு இருந்தார்கள்:
இடுப்பில் ஒருத்தி, கொழுத்து;
தோளில் ஒருத்தி, பாவம், நோஞ்சான்.
ஒருத்திக்குக் குறைக்கணும்
ஒருத்திக்குப் போடணும்
தட்டு ஒன்றுதான்.

காலையில் மூன்று முட்டை.
மதியம் சோறு பாதி, மீதி இடத்தில் கொண்டைக்கடலை.
ராத்திரி மீன், இல்லாவிட்டால் மீல்மேக்கர்,
சம்பள வாரத்தில் மட்டும் பன்னீர்.
வெள்ளிக்கிழமை தட்டுவடை செட் ஒன்று,
அதை நோட்டில் எழுதுவதில்லை.
பத்து மணிக்குத் தூக்கம். இதுதான் கஷ்டம்.
பைபாஸ் லாரிகளுக்குப் பத்து மணி தெரியாது.

"நாலு மாசமா போறீங்க,
ஒரு கிலோகூட எறங்கலையேக்கா" என்றாள்
கொழுந்தன் பெண்டாட்டி தில்லைக்கரசி,
என் வீட்டு எடைமெஷினைக் காலால் தள்ளி வைத்துக்கொண்டே.
அன்று ராத்திரி ரசீது புத்தகத்தில்
ஒரு தேதியைத் தப்பாகப் போட்டேன்.

புரட்டாசி முதல் வாரம்
ஆத்தூர் பக்கமிருந்து ஒரு லாரி வந்தது.
ஜவ்வரிசி மூட்டை தார்ப்பாய் முட்ட, கயிறு விம்ம.
இருபத்து நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து.
சாயங்காலம் அதே லாரி, அதே டிரைவர்,
உருக்காலையிலிருந்து இரும்புச் சுருள் இரண்டு.
எட்டிப் பார்த்தேன்:
தரையில் அவை பாட்டுக்குப் படுத்திருந்தன,
மேலே தொட்டி முழுக்க ஆகாயம்.
இருபத்து நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து.
"மெஷின் மாட்டிக்கிச்சாக்கா?" என்றான் கிளீனர்.
இல்லப்பா, என்றேன். சரியாத்தான் இருக்கு.
எனக்கே சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

தீபாவளி ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்த நசீமா
டேப்பை இரண்டு தடவை சுற்றினாள்.
பழைய அளவுச்சீட்டைத் தேடி எடுத்தாள்.
"என்னாடி இது,
இடுப்புல ரெண்டு இஞ்ச் புடிக்கணும்,
கையில முக்கால் இஞ்ச் விடணும்.
எவ ஜாக்கெட்டைக் கொண்டாந்த?"
என்னுதுதான் என்று சொல்லவே நேரமானது.

மயங்கி விழுகிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.
வயிறு இன்னும் இருக்கிறது, உட்கார்ந்தால் மடிகிறது.
கம்பியில் இப்போது பக்கத்துக்கு ஒரு பத்து.
நேற்று முட்டி வலித்ததால் ஓய்வு.

ஆனால் ஆபீஸ் ஷட்டர் துருப்பிடித்தது.
தினமும் எதிர் டீக்கடை மாதேசு வந்துதான் தூக்குவான்.
இன்று அவன் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு,
லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு,
ரோட்டைத் தாண்டி வருவதற்குள்
அது மேலே போயிருந்தது.
தூக்க வந்த இரண்டு கையையும்
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.
"டீ?" என்றான்.
சர்க்கரை இல்லாமல், என்றேன்.