சிர்தாப்

நிலவறைக்கு இந்த ஊரில் சிர்தாப் என்று பெயர்.
சல்வாவில், கடலுக்கு நான்கு தெரு உள்ளே,
உம் பத்ர் வீட்டுச் சிர்தாப்பில்
ஒரு பிங்பாங் மேசை, மூன்று குளிர்பெட்டி,
சுற்றிக் கட்டிய கம்பளங்கள்,
திரைச்சீலைக்குப் பின்னால் இஸ்திரி மேசையும்
அதைவிடக் குறுகிய ஒரு கட்டிலும்.

ஈரம் கம்பளத்தைத் தொட்ட பிறகுதான்
எங்களுக்கு போன் வந்தது.

மழையா? பெய்து மாதம் ஐந்தாகிறது.
குழாயா? மூடிப் பார்த்தோம், மீட்டர் அசையவில்லை.
ஈச்சமரத்துக்கு விடும் தண்ணீரா,
பக்கத்து வீட்டு நீச்சல் குளமா?
எஞ்சினியர் ரிஃபாத் சுவரில் கருவியை வைத்து வைத்து
எண்களை எழுதிக்கொண்டிருந்தார்.
நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு.
‘சிமெண்டிலும் உப்பு உண்டு’ என்றார்.
உண்டுதான்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு
எமல்டா திரைச்சீலையை ஒதுக்கினாள்.
மன்னார்க்காரி. ஆறு வருடமாய் அந்தக் கட்டில்.
‘இதையும் ஒருக்காப் பாருங்கோ.’
கட்டில் கால் அருகே, சுவரில், பென்சில் கோடுகள்.
சில விரல் உயரம், சில முழங்கால் உயரம்,
பக்கத்தில் தேதி, தேதியோடு ஒரு வட்டம்,
வெறும் வட்டம் அல்லது கறுப்படித்த வட்டம்.
‘பறுவத்துக்கு ஏறும், அமாவாசைக்கும் ஏறும்.
பிறகு இறங்கீரும்.
வலப்பக்கம் மகளின்ட பள்ளிக்கூடக் கணக்கு,
அதைப் பாக்காதேங்கோ.’

ரிஃபாத் மண்டியிட்டார்.
தமிழ் தெரியாதவர் வட்டங்களை மட்டும் படித்தார்.
தன் நோட்டை மூடினார்.
‘பஹர்’ என்றார், யாரிடமும் இல்லாமல்.
கடல்.

வெளியே தோண்ட இடமில்லை.
சுற்றிலும் பளிங்கு, அதையொட்டி அடுத்த வீட்டு மதில்.
உள்ளிருந்துதான் அடைக்க வேண்டும்.
சாந்தை உரித்துக் கான்கிரீட்டைக் காண இரண்டு நாள்.
தரையும் சுவரும் சேரும் மூலைதான் எப்போதும் திருட்டுவாசல்.
அங்கே சாண் இடைவெளியில் சாய்த்துத் துளையிட்டு
ஷம்சுல் பம்பை அழுத்த,
உள்ளே போன ரசாயனம் தண்ணீரைச் சந்தித்த இடமெல்லாம்
புளித்த மாவாய்ப் பொங்கி வெளியே எட்டிப் பார்த்தது.
ஓடுகிற கசிவுக்கு வேறு பொடி.
உருட்டி வைத்து உள்ளங்கையால் அழுத்தி
சூடேறும்வரை கையை எடுக்கக் கூடாது.
மூன்று நிமிடம்
ஒரு கடலை ஒற்றைக் கையால் நிறுத்தியிருந்தேன்.
எனக்கு மூக்கு அரித்தது.
ஷம்சுல் சொறிந்துவிடாமல் போட்டோ எடுத்தான்.

எமல்டாவின் மூலையைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
சொல்லத் தேவையிருக்கவில்லை.
பள்ளிக்கூடக் கணக்கை மட்டும்
சவர்க்கார அட்டையொன்றில் எழுதி எடுத்துவிட்டு
கட்டிலை அவளே இழுத்து நகர்த்தினாள்.
‘இடியுங்கோ.’

பூசும் முன் சுவரை நனைத்தோம்.
‘தண்ணி வராமலிருக்கத் தண்ணி ஊத்துறீங்களோ?’
காய்ந்த சுவர் பூச்சைக் குடித்துவிடும் என்றேன்.
நம்பாத முகத்தோடு
இன்னொரு வாளி கொண்டுவந்து வைத்தாள்.

உம் பத்ருக்கு உத்தரவாதக் கடிதம் போயிற்று.
பத்து வருடம்.
அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது.
என் அக்காமாவில் பாக்கி ஏழு மாதம்.

தண்ணீர் எங்கும் போய்விடவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஏறி இறங்கி நின்றுகொண்டுதான் இருக்கிறது.

பௌர்ணமிக்கு மறுநாள் சோதிக்கப் போனோம்.
பிங்பாங் மேசை திரும்பி வந்திருந்தது.
கம்பளங்கள் இன்னும் மாடியில்.
ரிஃபாத்தின் கருவி நல்ல எண்களாகச் சொல்லியது.
திரைச்சீலைக்குப் பின்னால் யாரும் இல்லை,
சட்டைகள் மட்டும் தொங்கின.
கட்டில் கால் அருகே, புது வெள்ளையில்,
தரையை ஒட்டினாற்போல் ஒரு கோடு,
நேற்றைய தேதி, ஒரு வெறும் வட்டம்.

பூச்சின்மேல் கீறக் கூடாது என்று
முன்பே சொல்லியிருக்க வேண்டும்.
குனிந்து விரலால் தொட்டேன்,
நாக்கில் வைத்தேன்.
பென்சில் ருசி.