ஓர் எழுத்துக்கு இடம் விட்டு

நிலாவெளி றோட்டில், படைமயானத்தில்
புல்லு வெட்டுகிறவன் நான்.
மூன்றாம் வரிசை, ஏழாவது கல்:
இஃபான், கப்பற்காரன், வயது இருபத்திரண்டு.
ஓர் உடும்பு அதற்குப் பின்னால்தான் வெயில் காயும்.

மாசியில் ஒருத்தி வந்தாள், மெரெரித்.
அவனுடைய தமையனின் பேத்தியாம்.
கையில் பூ இல்லை, ஒரு பிடி சிப்பி.

எந்த ஊர் என்றேன், சும்மா.
சொன்னாள்.
நடுவில் ஒரு சத்தம்:
நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்து
கன்னத்தோரமாய்க் காற்றை விடுகிற சத்தம்,
சைக்கிள் டியூபில் முள் ஏறின மாதிரி.
எனக்கு 'புல்' என்றுதான் வந்தது.
சிரித்தாள். வெட்டின புல் காலெல்லாம் ஒட்டியிருந்தது.

பிரித்துச் சொன்னாள்.
முன்பாதி குளம். பின்பாதி உவர்நீர்.
கடல் உள்ளே வந்து தேங்கிய பள்ளத்துக்கு
யாரோ வைத்த பேர்.
அறுநூறு வருஷத்துக்கு மேல், ஓர் இளவரசன்
ஊருக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தானாம்.
அவளுக்குத் தெரிய
புதன்கிழமைச் சந்தை ஒருநாளும் தவறினதில்லை,
மழையென்றாலும் மீன்காரன் வருவான்.
சந்தை கூடும் திடலுக்கு
வேறு பேரில்லை, வெறும் 'வெளி'தான்.

மெஷினை நிறுத்தினேன்.
உப்பு.
வெளி.
ரெண்டும் அங்கேயும் கிடக்குதே, அம்மா!
இங்கே உப்பு விளைந்து நான் கண்டதில்லை,
ஹோட்டல்தான் விளையுது.

பிறகு அவளாகவே சொன்னாள்:
றோட்டுப் பலகைகளில்
ஊர்களின் பேர் வேறு பாஷையில் நின்ற காலம்
அவளுடைய அம்மா இரவில் ஏணியோடு போய்
பச்சைப் பெயின்ற் பூசினவளாம்.
மூன்று நாள் மறியல்.
இப்போது பலகையில் சரியான பேர் முதலில் நிற்குது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பெற்றோல் மூடியைத் திருகித் திருகி இறுக்கினேன்.

போகும்போது பற்றுச்சீட்டின் பின்பக்கத்தை நீட்டி
என் ஊரை உன் எழுத்தில் எழுதித் தா என்றாள்.
பு போட்டேன்.
அடுத்ததுக்கு எழுத்தில்லை.
ல, ள, ழ மூன்றும் வைத்திருக்கிற எங்களிடம்
நாலாவது இல்லை.
ஒரு விரல் இடம் விட்டு
ஹெலி என்று முடித்தேன்.
அவள் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

உன் ஊர்?
உப்புவெளி என்றேன்.
அது பிழைக்க வந்த ஊர்.

அவளுடைய ஓட்டோ வளைவு தாண்டின பிறகு
கயிற்றை இழுத்து மெஷினைக் கிளப்பி
அந்த இரைச்சலுக்குள்
பிறந்த ஊரின் பேரைச் சொன்னேன்,
பலகையில் இப்போது இல்லாத பேரை.
உடும்பு தலையைத் தூக்கிப் பார்த்தது.
மூன்றாம் வரிசையில்
இன்னும் பாதி வெட்டக் கிடந்தது.